கூலியும் நாணயமும்

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. சர்க்கார் முத்திரை பெற்ற காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத யோக்கியதை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர் விஷயமறிந்தவர்கள். வாங்குகிறவன் சந்தேகமின்றி வாங்கி, மறுநாள் கடைத்தெருவில் சந்தேகமின்றிக் கொடுக்கக் கூடியது எதுவோ அதுவே காசு. அந்த நம்பிக்கை இல்லாவிடில் வெள்ளியும் வெறும் உலோகமே. காகிதமும் வெறும் காகிதமே.

இந்தப் பழைய உண்மையை மீண்டும் எடுத்துக் கூற வேண்டிய அவசியம் இப்போது நேர்ந்திருக்கிறது. வேலை செய்பவர்களின் சம்பளத்தை ரூபாயில் கொடுப்பதற்குப் பதிலாகப் பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களில் கொடுக்கலாம் என்ற பேச்சு உலகின் பல பாகங்களில் கிளம்பி, நம் இளைஞர்களின் காதுகளையும் எட்டியிருக்கிறது. அந்நிய நாட்டுக் கம்பெனிகளுக்காக வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்பவர்களில் சிலர் ஏற்கனவே இவ்வாறு ஊதியம் பெற்று வருகிறார்கள். இது நாகரிகத்தின் முன்னேற்றம் என்கிறார்கள் ஒரு சாரார். முன்னேற்றம் யாருக்கு என்பதுதான் நமது கேள்வி.

“பட்டணத்துக் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்களின் விஷயத்துக்கும் பொட்டிபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் அமைக்கும் திட்டத்தின் காரணமாகப் பொட்டிபுரத்தின் பெயரை உலகம் கேள்விப்பட்டது. ஆனால் இந்த மலையடிவாரத்து ஜனங்கள் அன்றாடம் அறிந்த விஞ்ஞானம் வேறு. போடிநாயக்கனூர் முதல் கம்பம் வரையுள்ள கிராமங்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, மெட்டுகளைக் கடந்து, இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களில் களையெடுத்தும் காய் பறித்தும் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்களின் விஞ்ஞானம் அது. பகல் முழுவதும் உழைத்ததற்கு மாலையிலோ வாரக் கடைசியிலோ கைக்கு வருவது என்ன, அது அரிசிக்கடையில் செல்லுமா செல்லாதா என்பதே அதன் முதல் பாடம். மலைக்கு வேலைக்குப் போன தமிழன் இந்தப் பாடத்தைச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே, மிகுந்த விலை கொடுத்துப் படித்திருக்கிறான்.

இலங்கையின் சரித்திரத்தைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் காப்பிக் கிடங்குகள் நடத்திய ஐரோப்பிய வியாபார ஸ்தாபனங்கள், சில்லறைக் காசுக்குப் பஞ்சம் என்று காரணம் கூறி, தங்கள் பெயர் பொறித்த வில்லைகளைத் தாங்களே அடித்துக் கூலியாகக் கொடுத்தன. அந்த வில்லைக்கு மதிப்பு உண்டா என்றால், அடித்தவன் உண்டு என்று சொல்லும் வரையில் உண்டு. மலைத் தோட்டங்களிலோ கூலியின் ஒரு பகுதி அரிசியாக அளக்கப்பட்டது. அரிசியின் விலையைத் துரையே நிர்ணயித்துக் கணக்கில் கழித்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக ‘துண்டு’ முறை ஒன்று இருந்தது. இன்ன தொகைக் கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அந்தக் காகிதத்தின் மேல் மனிதர்களே கைமாறினார்கள். 1921-ஆம் வருஷத்துச் சட்டந்தான் அந்த அக்கிரமத்துக்கு முடிவு கட்டியது.

வில்லை, அரிசி, துண்டு ஆகிய இம்மூன்றுக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. கூலியின் மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரம் கூலி வாங்குகிறவனிடமும் இல்லை, நாட்டின் பொதுச் சட்டத்திடமும் இல்லை. மூன்றாவது ஒருவன் கையில் இருந்தது. இதனால்தான் இங்கிலாந்திலேயே 1831-ல் சட்டம் செய்து, குறிப்பிட்ட தொழில்களில் கூலியை நாட்டு நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். நம் நாட்டில் 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சம்பளம் முழுவதும் செலாவணியிலுள்ள நாணயமாகவோ நோட்டாகவோ கொடுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1949-ல் நிறைவேற்றிய ஒப்பந்தமும் கடன் சீட்டு, கூப்பன் முதலியவற்றால் சம்பளம் கொடுப்பதைக் கண்டித்து, சட்டபூர்வமான நாணயத்தையே வற்புறுத்தியது. இவை யாரோ பண்டிதர்கள் அறையில் அமர்ந்து கற்பனை செய்த விதிகள் அல்ல. வில்லையையும் துண்டையும் வாங்கி ஏமாந்த லட்சக்கணக்கான ஏழைகளின் அனுபவத்திலிருந்து பிறந்த விதிகள்.

இனி, கிரிப்டோ நாணயத்துக்கு வருவோம். இது எந்தச் சர்க்காரும் வெளியிடாத, கம்ப்யூட்டர் கணக்குப் பேரேட்டில் மட்டுமே உள்ள ஒரு சொத்து. அதன் விலை சந்தை வைத்ததே விலை. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர் விற்றது. ஓராண்டில், 2022 நவம்பரில், சுமார் 16,000 டாலருக்கு இறங்கியது. பிறகு ஏறி, 2025 அக்டோபரில் 1,20,000 டாலரையும் தாண்டியது. அடுத்த மாதமே 90,000-க்குக் கீழே விழுந்தது. ஏறியதைக் காட்டி ஆசை மூட்டுகிறவர்கள் இறங்கியதைப் பற்றி மௌனம் சாதிக்கிறார்கள்.

போடி வாசிகளுக்கு இந்த ஏற்ற இறக்கத்தை விளக்கத் தேவையில்லை. ஏலம் ஏலம் போகும் ஊர் இது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலை போனதைக் கண்டவர்கள் இவர்கள். 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்ததையும் கண்டவர்கள் இவர்களே. 2019-ல் ஒரு தோட்ட முதலாளி, “இனிமேல் உங்களுக்கு ரூபாய் கிடையாது, கூலியாக ஏலக்காயே அளக்கிறேன், விலை ஏறினால் உங்களுக்கே லாபம்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலை இறங்கும்போது முதலாளி சரக்கை மூட்டை கட்டிக் கிடங்கில் வைத்து ஏறுமுகத்துக்காகக் காத்திருப்பார். தொழிலாளி காத்திருக்க முடியுமா? பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமும் கிழவியின் மருந்துச் செலவும் சந்தை திரும்பும் வரை பொறுக்குமா? வந்த விலைக்கு விற்றுத்தான் தீர வேண்டும். வியாபாரத்தில் நஷ்டத்தைத் தாங்கும் சக்தி யாருக்கு உண்டோ அவர்தான் லாபத்துக்கும் உரியவர். கூலிக்காரன் வியாபாரத்தில் பங்காளி அல்ல. அவனுக்கு லாபத்தில் பங்கு கொடாமல் நஷ்டத்தில் மட்டும் பங்கு கொடுப்பது நியாயம் ஆகாது. ஏலக்காயில் கூலி அளப்பது அநியாயமானால், கிரிப்டோவில் அளப்பதும் அதே அநியாயந்தான். ஏலக்காயையாவது பாயசத்தில் போடலாம்!

இதற்குப் பதில் கூறுவோரின் வாதங்களையும் நாம் கவனிக்காமல் இல்லை. டாலரோடு பிணைக்கப்பட்ட ‘ஸ்திர நாணயங்கள்’ இருக்கின்றனவே, அவற்றில் விலை மாறாதே என்பது முதல் வாதம். டெர்ரா என்ற அத்தகைய நாணயம், எப்போதும் ஒரு டாலருக்குச் சமம் என்று சத்தியம் செய்யப்பட்டது. 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அந்தச் சத்தியம் காற்றோடு போய், வைத்திருந்தவர்களின் பணம் கரைந்தது. எல்லாம் டெர்ராவைப் போன்றவை அல்ல, உண்மையான டாலர் கையிருப்புள்ளவையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எதில் கையிருப்பு உண்டு, எதில் இல்லை என்று பரீட்சித்துப் பார்ப்பது சம்பளம் வாங்குகிறவன் வேலையா? வெளியிட்டவனின் வாக்கை நம்பி வாங்குவதானால், அது கொழும்பு வில்லையின் பேரன்தானே!

அயல் நாட்டிலிருந்து பணம் அனுப்புவதற்குப் பாங்கிகள் கொள்ளும் கட்டணமும் தாமதமும் அதிகம், கிரிப்டோவில் அது நொடியில் வருகிறது என்பது இரண்டாவது வாதம். இதில் வாஸ்தவம் இருக்கிறது. ஆனால் அது பாங்கிகளைச் சீர்திருத்துவதற்குக் காரணமாகுமே தவிர, சம்பளத்தை ரூபாயிலிருந்து பிரிப்பதற்குக் காரணம் ஆகாது. வண்டிப்பாதை மோசமென்றால் பாதையைச் செப்பனிட வேண்டும். சரக்கை மாற்றக் கூடாது. மேலும், நொடியில் வருவது நொடியில் போகவும் கூடும். 2024 ஜூலையில் வாஜிர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான சொத்து களவு போயிற்று. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் தங்கள் கிரிப்டோவை மீட்க ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் அதில் அகப்பட்டிருந்தால் அடுப்பில் பூனை தூங்கியிருக்கும்.

தொழிலாளியே மனமொப்பிக் கேட்டால் தடுக்க நாம் யார் என்பது மூன்றாவது வாதம். இதுவே பார்வைக்குப் பலமானது. ஆனால் துண்டிலும் கடன் பத்திரத்திலும் அன்றைய தொழிலாளி கைநாட்டு வைத்துத்தான் இருந்தான். வேலை வேண்டி நிற்பவனுடைய சம்மதம் எவ்வளவு சுயேச்சையானது என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். அன்றியும், உண்மையாகவே விரும்புகிறவனுக்கு எவ்விதத் தடையும் இல்லையே! ரூபாயில் சம்பளம் வாங்கிய அன்று மாலையே அவன் தன் இஷ்டப்படி கிரிப்டோ வாங்கிக்கொள்ளலாம். ரிசர்வ் பாங்கு 2018-ல் விதித்த தடையைச் சுப்ரீம் கோர்ட்டு 2020 மார்ச் 4-ல் ரத்து செய்துவிட்டது. வாங்குவது குற்றமல்ல. ரூபாயில் வாங்கிக் கிரிப்டோவாக மாற்றுகிறவன் தன் துணிவை நம்பிச் செய்கிறான். கிரிப்டோவில் வாங்கி ரூபாயாக மாற்ற ஓடுகிறவன் பிறர் துணிவுக்குப் பலியாகிறான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

அப்படி மாற்ற ஓடுகிறவனுக்கு நம் வரிச் சட்டமும் அனுகூலமாக இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 100-க்கு 30 வீதம் வரி. நஷ்டம் வந்தாலோ அதை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ள இடமில்லை. சம்பளமாக வந்த நாளின் மதிப்புக்கு வருமான வரி கட்டியவன், விற்கும் நாளில் பாதி விலை கிடைத்தால், கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டியவனாகிறான்.

பிற நாடுகளின் அனுபவமும் நம்மை எச்சரிக்கிறது. எல் சால்வடார் தேசம் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கி உலகத்தை வியக்கச் செய்தது; 2025 ஜனவரியில் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தானே நீக்கிக்கொண்டது. துபாயில் 2024-ல் ஒரு நீதிமன்றம், ஒப்பந்தத்தில் கண்டபடி ஊழியருக்குச் சேரவேண்டிய கிரிப்டோ வில்லைகளை வில்லைகளாகவே கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இதை ஒரு வெற்றி என்று கொண்டாடினார்கள். வில்லையைக் கொடுக்கச் சொல்ல நீதிபதியால் முடியும். வில்லைக்கு விலை கொடுக்கச் சொல்ல முடியுமா? துபாயில் ஏராளமான தமிழர் உழைத்து வருவதால் இதை நாம் அசட்டை செய்வதற்கில்லை.

நம் நாட்டின் சட்டம் இன்றளவில் தெளிவாகவே இருப்பதாகக் கருதுகிறோம். 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, சம்பளத்தை நாணயமாகவோ நோட்டாகவோ, செக் மூலமோ, பாங்கிக் கணக்கிலோ, ‘மின்னணு முறையிலோ’ கொடுக்கலாம் என்கிறது. இந்தக் கடைசி வார்த்தையில்தான் நம் கவலை. மின்னணு முறை என்பது ரூபாய் போகும் பாதையே அன்றிப் புதிய நாணயம் அல்ல. ரிசர்வ் பாங்கே 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடையே பரீட்சார்த்தமாக வெளியிட்டுவரும் டிஜிட்டல் ரூபாயும் ரூபாய்தான். நாளை ஒரு கெட்டிக்கார வக்கீல், கிரிப்டோவும் மின்னணு முறையே என்று வாதிக்க இடம் வைக்கலாகாது. மத்திய சர்க்கார் ஒரே வரியில் இதை விளக்கி விதி செய்ய வேண்டும். தொழிற்சங்கங்கள் அதை வற்புறுத்த வேண்டும். ஊழியர் என்ற பெயரின்றி ஒப்பந்த வேலை செய்யும் இளைஞர்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்கூடக் கிடையாது. அவர்கள் தங்கள் ஊதியத்தை ரூபாயிலோ டாலரிலோ நிர்ணயித்து எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

மலையேறிப் போன நம் பாட்டன்மார் உலோக வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு, இது கடையில் செல்லுமா என்று கேட்டு நின்றார்கள். அந்தக் கேள்வியிலிருந்து அவர்களுடைய சந்ததியை விடுவிக்க நூறு வருஷம் ஆயிற்று. வில்லை உலோகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது என்பதற்காக, பேரப்பிள்ளைகளை மறுபடியும் அதே கடைவாசலில் நிறுத்த நாம் சம்மதிக்க முடியாது. உழைப்பு நாணயமாக நடந்தது. கூலியும் நாணயமாகவே வரட்டும்.