லயத்துக் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை செல்லும் வழியிலோ, கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்திலோ பயணம் செய்த வாசகர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். இறப்பரும் தேயிலையும் போர்த்திய குன்றின் மேலே துரை பங்களா. சரிவில் மண்மேட்டை வெட்டி அமைத்த லயங்கள். இரண்டுக்கும் அத்திவாரக் கல் பெரும்பாலும் அந்த மலையிலேயே உடைத்த கருங்கல்தான். அதைச் சுமந்தவர்களும் அதே உழைப்பாளிகள்தாம். ஆயினும் பங்களாவை மட்டுமே நாம் பழம்பெரும் கட்டடம் என்று போற்றுகிறோம்.

பங்களாவைக் கட்டியவர்கள் காலநிலையை அறிந்து கட்டினார்கள். காற்றுக்கு அகன்ற விறாந்தை, வெப்பம் தங்காத உயர்ந்த கூரை, பின்புறம் தனியே சமையலறை, வேலையாட்களுக்கு வேறு வாசல். லயமோ கோப்பிக் காலத்தின் வடிவம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையும் இறப்பரும் வந்தன. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் ஒரு சாளரம் வைக்கவும் இடமில்லை. இடைச்சுவர் கூரைவரை எழாத லயங்களில் ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒரு காம்பராவில் பற்றிய தீ வரிசை முழுவதற்கும் பரவும். குடும்பம் வாழ்வதற்கென்று திட்டமிட்ட கட்டடம் அல்ல இது. விடிகாலையில் பெரட்டுக்கு ஆட்களைத் திரட்டுவதற்கு வசதியாகப் போடப்பட்டது.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், புராதனச் சின்னங்களுக்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்தது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. தோட்டங்கள் யாவும் அதற்குப் பின்னர் வந்தவை. நூறாண்டு கடந்த கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கவும் வழி உண்டு. ஆனால் வழி இருந்தென்ன? பங்களாக்கள் பல சுற்றுலா விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. லயத்தைப் பற்றிப் பேச்செழும்போதோ, அதை இடிப்பதா, தகரம் மாற்றுவதா என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது.

கல்வீடுகளுக்குப் பெயர்போன வேல்ஸ் நாட்டில் நடந்ததை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே பென்றின் கோட்டை என்றொரு பெரு மாளிகை உண்டு. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த செல்வமும், உள்ளூர்ப் பலகைக்கல் சுரங்கத்தின் வருவாயும் எழுப்பிய மாளிகை. அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை பெரும் போராட்டம் நடத்தினார்கள். வேல்ஸ்காரர்கள் மாளிகையைப் பேணியதோடு நின்றுவிடவில்லை. அதே தொழிலைச் செய்தவர்கள் வாழ்ந்த, வரிசையாக ஒட்டிய நான்கு சிறு கல்வீடுகளை வேறோர் ஊரிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து, லான்பெரிஸ் அருங்காட்சியகத்தில் 1999இல் மீண்டும் நிறுத்தினார்கள். ஒரு வீட்டை 1901ஆம் ஆண்டின் போராட்டக் காலத்துக்குரியதாக அமைத்தார்கள். நம் மொழியில் சொன்னால் அதுவும் ஒரு லயம்தான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. மரபைக் காக்கிறோம் என்ற பெயரில் எவரையும் லயத்திலேயே இருத்திவைக்கக் கூடாது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக வாழ்ந்த லயங்களை விட்டுப் பலர் வவுனியாப் பக்கம் ஓடினார்கள். அவர்கள் கையில் ஒரு துண்டு நில உறுதியும் இருக்கவில்லை. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில் மண்சரிவு லயத்தை மூடி உயிர்களைக் கொண்டுபோனது. பங்களாவுக்கு உறுதியான மேட்டைத் தேர்ந்தவர்கள், லயத்துக்கு மிஞ்சிய நிலத்தை ஒதுக்கியதன் விளைவை நூறாண்டுக்குப் பின்னரும் உழைப்பவர்களே அனுபவிக்கிறார்கள்.

ஆகவே முதலில் பாதுகாப்பான நிலமும், சொந்த உறுதியும், தனி வீடும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. மக்கள் குடிபெயர்ந்த பின்னர், மாவட்டத்துக்கு ஒரு லயமாவது இடிபடாமல் நிற்கட்டும். கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்றை அருங்காட்சியகமாக்கிய முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. அதைப்போல சப்ரகமுவவிலும் ஒன்று வேண்டும். அடுப்புப் புகை படிந்த சுவரும் இஸ்தோப்பின் தேய்ந்த படியும் அப்படியே இருக்கட்டும்.

வாய்மொழியாக இவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழகத்திலும் வாழும் மலையக வம்சாவளியினர் தம் குடும்பம் வாழ்ந்த லயத்தின் படம், தோட்டத்தின் பெயர், பாட்டி சொன்ன கதை ஆகியவற்றை இப்போதே எழுதி வைக்க வேண்டும். பங்களாவின் கதையைச் சொல்ல விடுதிக்காரர்கள் இருக்கிறார்கள். லயத்தின் கதையை நாம் எழுதாவிட்டால் வேறெவரும் எழுதப் போவதில்லை.