தாரை என்ன ஆனாள்?

மேடையேறிப் பேச வேண்டுமென்ற ஆசை நமக்கு என்றைக்கும் இருந்ததில்லை என்று சொன்னால் நேயர்கள் நம்பமாட்டார்கள். வீட்டிலேயே ஒருவரும் நம்பவில்லை. இருபது வருஷமாக, எழுந்து போக முடியாத வகுப்பின் முன்னே பேசிப் பழகிய நமக்கு, எழுந்து போகக்கூடிய சபை ஒன்று கிட்டாதா என்ற சபலம் உள்ளூர இருந்துகொண்டே வந்தது.

ஆகவே, சென்ற பங்குனியில் ஒரு சிற்றூரிலிருந்து கம்பன் விழாவுக்கு அழைப்பு வந்ததும், மறு தபாலிலேயே சம்மதம் எழுதிவிட்டோம். காரைக்குடியில் 1939-ஆம் ஆண்டு சா. கணேசன் அவர்கள் ஏற்றி வைத்த விளக்கு அது. அதிலிருந்து ஏற்றிய அகல்கள் தமிழ்நாட்டு ஊர்களிலும், கடல் கடந்து இலங்கையிலுங்கூட ஒளி வீசுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு நாமும் சிறிது எண்ணெய் வார்க்கலாமே என்று எண்ணினோம்.

நமக்கு அளித்த விஷயம் வாலி வதை. பாடப் புத்தகத்தில் பல்லாண்டு நடத்திய பகுதியாதலால் அச்சமே இல்லை. அக்கிராசனர் தம் முன்னுரையில் நம் நேரத்தில் பாதியை எடுத்துக் கொண்டார். எஞ்சிய பாதியில், வாலியின் வக்கீலாக நின்று இராமனை நிறுத்திக் கேள்விமேல் கேள்வி கேட்டோம். கரகோஷம் பந்தலை அதிர வைத்தது. வந்தனோபசாரம் முடிந்து காப்பி அருந்துகையில், நம்மைப் பற்றி நமக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டாகியிருந்தது.

அச்சமயம் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் அருகில் வந்தார்.

"தம்பி, வாலிக்காக இவ்வளவு வாதாடினீர்களே, தாரையை அப்படியே விட்டுவிட்டீர்களே! அப்புறம் அவள் என்ன ஆனாள்?"

"சுக்கிரீவனுடன் வாழ்ந்தாள்" என்றோம், சற்றும் தயங்காமல்.

"அது வான்மீகி சொன்னதல்லவா? இது கம்பன் விழா ஆயிற்றே, தம்பி!" என்றார் அம்மையார், மிகவும் மெதுவாக. "எங்கள் அப்பா இராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார். நான் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்பேன். கோபத்தோடு வந்த இலட்சுமணன் தாரையைப் பார்த்ததும், ஊரிலே தன் தாய்மாரும் இப்படித்தானே இருப்பார்கள் என்று கண் கலங்கினானாம். அந்த இடத்தில் அப்பாவுக்குக் குரல் எழும்பாது."

அம்மையாரின் நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்ததை அப்பொழுதுதான் கவனித்தோம். கையிலிருந்த காப்பி ஆறிப் போயிற்று.

வீடு திரும்பியதும் கிட்கிந்தா காண்டத்தைப் புரட்டினோம். வாலி வதைக்குச் சில படலங்கள் தள்ளி, கிட்கிந்தைப் படலத்தில், மங்கல அணிகளைத் துறந்த கோலத்தில் தாரை நின்றாள். சொன்ன தவணை தப்பிய சுக்கிரீவனைத் தண்டிக்க வந்த இளையவன், அவள் முன் தலைகுனிந்து நின்றான். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூலில், பாடத்திட்டம் கிழித்த கோட்டை நாம் தாண்டியதே இல்லை. இருபது வருஷமாக எத்தனை பிள்ளைகளை வாலியின் உடலருகே நிறுத்திவிட்டு, மணி அடித்ததும் புத்தகத்தை மூடியிருக்கிறோம்!

இவ்வருஷமும் அழைப்பு வந்திருக்கிறது. காரியதரிசிக்குப் பதில் எழுதிவிட்டோம்: மேடையில் நாற்காலி வேண்டாம், அந்த அம்மையார் உட்காருமிடத்துக்குப் பின்னால் சிறிது இடம் போட்டு வைத்தால் போதும்.