ஒரே கழகத்தின் பிள்ளை

பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வயது முதிர்ந்த உதைபந்தாட்ட ரசிகர் எவரையேனும் பேச்சுக்கு இழுத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் காணும் ஐரோப்பிய வீரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அடுத்த கணமே, தம் தோட்டத்து அணிக்கு அந்நாளில் ஆடிய ஒருவரிடம் பேச்சுத் திரும்பிவிடும். அவர் அடித்த கோல்களின் கணக்கு நினைவில் இராது. “கடைசி வரைக்கும் நம்ம தோட்டத்துக்குத்தான் ஆடினார்” என்பது மட்டும் தவறாமல் வரும்.

திறமையைக் காட்டிலும் விசுவாசத்தை நெடுநாள் நினைவில் வைப்பது ரசிகர்களின் இயல்பு போலும். இதற்கு நம் அயல்நாட்டிலே ஒரு பெரிய உதாரணம் உண்டு. கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்து ஆட்டக்காரர் சுனி கோஸ்வாமியே அவர்.

1938ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, இன்று வங்காளதேசத்தில் இருக்கும் கிஷோர்கஞ்சில் பிறந்தார். 1946இல், எட்டு வயதுச் சிறுவனாக மோகன் பகானின் இளையோர் அணியில் சேர்ந்தார். 1954இல் பெரிய அணியில் இடம் கிடைத்தது. 1968இல் ஆட்டத்தை விடும்வரை வேறு எந்தக் கழகத்தின் சட்டையையும் அவர் அணியவில்லை. 1960 முதல் ஐந்து பருவங்கள் அணித்தலைவராகவும் இருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவில் கிழக்கு வங்கத்து மக்களின் கழகம் என்று பெயர் பெற்றது ஈஸ்ட் பெங்கால். மோகன் பகானோ மேற்கு வங்கத்தாரின் பெருமை. இவ்விரண்டும் மோதும் நாளில் நகரமே இரண்டு பட்டுவிடும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இல்லிஷ் மீனின் விலை ஏறும். மோகன் பகான் வென்றால் இறாலின் விலை ஏறும் என்பார்கள். பிறப்பால் கிழக்கு வங்கத்தவரான சுனி கோஸ்வாமி, இறால் பக்கத்துக்காரர்களின் செல்லப் பிள்ளையானார்!

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கு அவரே தலைவர். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். அரசியல் காரணத்தால் மைதானத்துக் கூட்டம் முழுதும் இந்தியருக்கு எதிராக நின்றது. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டார்கள். அவர் ஒரு கோல், பி. கே. பானர்ஜி ஒரு கோல். தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள். அன்று கோல் காத்தவர் நெடிய உருவத்துத் தங்கராஜ். முன்வரிசையில் ஆடிய பலராம், செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்திலே பிறந்தவர். நம் தமிழ் வாசகர்கள் இவ்விரு பெயர்களையும் மறக்கலாகாது.

லண்டனின் டொட்டன்ஹாம் கழகம் சுனி கோஸ்வாமியை அழைத்ததென்றும் அவர் போக மறுத்தாரென்றும் கல்கத்தாவில் நெடுங்காலமாய்ச் சொல்லிவருகிறார்கள். ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது இக்கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். அவர் கிரிக்கெட்டிலும் வல்லவர். 1966இல் இந்தூரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியைத் தோற்கடித்த கூட்டணியில் ஆடி எட்டு விக்கெட்டுகள் எடுத்தார். பின்னர் வங்காள அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கிண்ண இறுதி ஆட்டம்வரை கொண்டு சென்றார். மோகன் பகான்காரர்களுக்கு இதெல்லாம் உபரிதான்.

ஆயினும் விசுவாசம் என்ற சொல்லைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டொம் ஃபின்னி என்றொரு வீரர் இருந்தார். 1946 முதல் 1960 வரை பிரெஸ்டன் நகரக் கழகம் ஒன்றுக்கே ஆடியவர். குழாய் பொருத்தும் தொழிலையும் விடாமல் செய்தவர். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கழகம் அவருக்குப் பத்தாயிரம் பவுண் தருவதாகச் சொல்லி அழைத்தது. அவர் போகாததற்குக் காரணம், பிரெஸ்டன் நிர்வாகம் விடவில்லை! கழகம் சம்மதிக்காமல் வீரர் வெளியேற முடியாத காலம் அது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. அது 1961இல்தான் நீங்கிற்று. அப்படியும் ஃபின்னி கசப்பின்றி ஆடினார். ரசிகர்கள் அதை அறிவார்கள்; மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலையும் இருக்கிறது.

சுனி கோஸ்வாமிக்கு வங்கியில் உத்தியோகம் இருந்தது. வாழ்ந்த ஊரும் கழகத்தின் ஊரே. நிலைத்து நிற்க அவருக்கு இடம் இருந்தது. பலராமுக்கு உடல்நலம் ஒத்துழைக்காமல் 1963இலேயே ஆட்டம் முடிந்துபோயிற்று. தங்கராஜோ கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் கோல் காத்தவர். இவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

நம் ஊவாத் தோட்டங்களை நினைக்கும்போது இக்கேள்வி இன்னும் கனக்கிறது. சுனி கோஸ்வாமி இந்தியாவுக்காக ஆடுவதை நிறுத்திய 1964ஆம் ஆண்டிலேதான், அக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாகப் புகையிரதம் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சென்றார்கள். போனவர்களில் பந்து உதைத்த கால்களும் இருந்தன. பலர் நீலகிரித் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சிய தலைமுறையில் ஆடத் தெரிந்த பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகிறார்கள். விடுமுறைக்கு வரும்போது மட்டும் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த அந்தச் சிறு மைதானத்தில் இறங்குகிறார்கள். பந்து தவறினால் தேயிலைக்குள் உருண்டுவிடும்; அதைத் தேடியெடுப்பதே பாதி ஆட்டம். இவர்கள் தோட்டத்து அணியை விட்டுப் போனவர்கள் அல்லர். இருக்க முடியாதவர்கள் என்பதே பொருத்தம். கடைசிவரை ஆடினார் என்று கிழவர்கள் ஒருவரைப் புகழும்போது, இருக்க வாய்த்ததன் அருமையையும் சேர்த்தே சொல்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

சுனி கோஸ்வாமி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி, 82ஆம் வயதில் காலமானார். பி. கே. பானர்ஜி மறைந்து ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. அந்நாளில் இந்தியா முழுவதும் கொள்ளைநோய் ஊரடங்கு. அரங்கு நிறைய ஆரவாரம் பெற்றவரை வழியனுப்பக் கூட்டம் கூட வழியில்லாமற் போயிற்று. 2023 பிப்ரவரியில் பலராமும் போய்விட்டார். இப்பொழுது மோகன் பகான் கழகத்தின் பிரதான வாயிலுக்குச் சுனி கோஸ்வாமியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

தோட்டத்து மைதானங்களுக்கு வாயில் ஏது? ஆனால் சில வீடுகளில் பழைய அணிப்படங்கள் இருக்கின்றன. பூஞ்சை படர்ந்து முகங்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் தாத்தாவை இஸ்தோப்பில் உட்காரவைத்துப் படத்தைக் கையில் கொடுங்கள். யார் யார், எந்த இடத்தில் ஆடினார், பிறகு எங்கே போனார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். மையால் எழுதினால் முன்புறம் ஊறிவிடும்.