வீட்டுக்கடனுக்கு மதம் பூசாதீர்கள்

யோங் பெங் வட்டாரத் தமிழர்களுக்கு வீட்டுக்கடன் பற்றி அறிவுரை சொல்ல வந்த ஒருவர், இஸ்லாமிய வங்கிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று அடித்துப் பேசியிருக்கிறார். அது முஸ்லிம்களின் வங்கி, அங்கே கையெழுத்துப் போடுவது இன்னொரு மதத்துக்குத் தலையாட்டுவதாம். அடுத்த மூச்சிலேயே, அது பெயரை மாற்றிய வட்டிதான், வேறொன்றுமில்லை என்கிறார். முதல் வாதத்தை இரண்டாவது வாதம் வெட்டிவிடுகிறது. வெறும் வட்டிதான் என்றால் அதில் மதம் எங்கிருந்து வந்தது? மதம்தான் என்றால் வெறும் வட்டி என்று எப்படிச் சொல்கிறார்? ஒருவருடைய முப்பது வருடச் சம்பாத்தியத்தைத் தீர்மானிக்கும் விஷயத்தில் இவ்வளவு அலட்சியமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

மலேசியாவில் இஸ்லாமிய வங்கிச் சட்டம் 1983இல் வந்தது. அதே ஆண்டு பேங்க் இஸ்லாம் திறக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1993இல், வழக்கமான வங்கிகளும் இச்சேவையைத் தங்கள் கூரைக்குள்ளேயே நடத்தலாம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா அனுமதித்தது. இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தது அதற்குப் பிறகுதான். இன்று ஹொங் லியோங், பப்ளிக் பேங்க் போன்ற, சீனர்கள் கட்டியெழுப்பிய வங்கிகளுக்கே தனி இஸ்லாமிய வங்கிகள் உண்டு. எச்எஸ்பிசிக்கும் உண்டு. வாடிக்கையாளர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கட்டுப்பாடு இருப்பது பணம் போகும் தொழிலில்தான்: மது, சூதாட்டம், பன்றி இறைச்சி வியாபாரத்துக்கு நிதி கிடைக்காது. பீர் விற்கும் கடை வைக்கப் போகிறவர் வேறு கவுண்டருக்குப் போகட்டும். தாமானில் ஒரு மாடி வீடு வாங்கப் போகிறவருக்கு அந்தத் தடை எதைக் கெடுக்கிறது?

‘பெயர் மாற்றிய வட்டி’ என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இஸ்லாமிய வங்கி வட்டிக்குப் பதில் வாங்கும் லாப விகிதமும் பேங்க் நெகாராவின் கொள்கை விகிதத்தையே பின்தொடர்கிறது. 2022 மே மாதத்திலிருந்து ஓராண்டில் அந்தக் கொள்கை விகிதம் 1.75இலிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியபோது, மிதக்கும் விகிதத்தில் கடன் வாங்கிய இரு தரப்பாருக்கும் சுமை ஏறியது. மாதத் தவணையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அறிவுரை சொன்னவர் அங்கேயே நின்றுவிட்டார். பத்திரத்தைப் புரட்டவே இல்லை.

விற்பனை அடிப்படையிலான இஸ்லாமிய ஒப்பந்தத்தில் வங்கி பொருளை லாபம் சேர்த்த ஒரு விலைக்கு விற்கிறது. அந்த விலைக்கு மேல் லாபமாக ஒரு வெள்ளிகூடக் கேட்க முடியாது. விகிதம் மிதந்தாலும் உச்சவரம்பு ஒன்று பத்திரத்தில் எழுதியிருக்கும். வரம்பு உயரமாகத்தான் இருக்கும், சாதாரண காலத்தில் அதன் அருமை தெரியாது. 1998 நடுவில் வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதம் 12 விழுக்காட்டைத் தாண்டியது. மிதக்கும் விகிதத்தில் வீடு வாங்கியிருந்தவர்கள் திணறினார்கள். அன்றைய இஸ்லாமிய வீட்டுக்கடன் பத்திரங்களில் விற்பனை விலை நிலையானது, தவணை நகரவில்லை.

2020 கோவிட் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரலில் தொடங்கி ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு. பேங்க் நெகாரா அப்போது கொடுத்த விளக்கத்தின்படி, வழக்கமான கடனில் அந்த மாதங்களின் வட்டி அசலோடு சேர்ந்து அதன்மேலும் வட்டி ஏறலாம். இஸ்லாமிய நிதியில் லாபத்தின்மேல் லாபம் ஏறாது. 200,000 வெள்ளி நிலுவை, 4 விழுக்காடு என்று வைத்தால் ஆறு மாதத்துக்குச் சுமார் 4,000 வெள்ளி. அது அசலில் ஏறினால் ஆண்டுக்கு இன்னும் 160 வெள்ளி. சிறிய தொகைதான், ஆனால் கடன் முடியும்வரை தொடரக்கூடியது. வழக்கமான வங்கி அதை விட்டுக்கொடுத்தால் அது அந்த வங்கியின் மனம். இஸ்லாமிய ஒப்பந்தத்தில் அது விதி.

இந்த முறையைச் சாட உண்மையான ஆயுதம் ஒன்று இருந்தது, அதை அவர் எடுக்கவில்லை. 2006 சட்ட ஏடுகளில் பதிவான அஃபின் பேங்க் வழக்கு அது. 25 ஆண்டுக்கான விற்பனை விலை 992,363 வெள்ளி. தொடக்கத்திலேயே தவணை தவறிய வாடிக்கையாளரிடம், இன்னும் வராத ஆண்டுகளின் லாபத்தையும் சேர்த்து 958,909 வெள்ளியை வங்கி கேட்டது. அநியாயம்தான். நீதிபதி அப்துல் வஹாப் பட்டாய்ல் அதை ஏற்கவில்லை. பின்னர், முன்கூட்டியே கணக்கை முடிப்பவருக்கு மீதிக் கால லாபத்தைத் தள்ளுபடி செய்வதைப் பேங்க் நெகாரா கட்டாயமாக்கியது. இந்தத் திருத்தம் சட்டத்துக்குள், நீதிமன்றம் எட்டும் இடத்தில், இஸ்லாமிய வங்கி முறை நடந்ததால் வந்தது.

சட்டத்துக்கு வெளியே விட்டால் நடப்பதை இந்தியாவில் பாருங்கள். ரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கியைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. 2019இல் பெங்களூரில் ‘ஹலால் முதலீடு’ என்று சொல்லிப் பணம் திரட்டிய ஐஎம்ஏ நிறுவனம் கவிழ்ந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. இங்கே உரிமம் பெற்ற வங்கியில் போடும் இஸ்லாமிய வைப்புத்தொகைக்கு 250,000 வெள்ளிவரை காப்புறுதி உண்டு, அதுவும் வழக்கமான கணக்கின் காப்புறுதியோடு கலக்காமல் தனியாக.

இஸ்லாமிய வங்கிபோல் லாபத்தைப் பங்கு போடுவது நமக்கு அந்நியம் என்றும் அந்த அறிவுரையாளர் சொல்லியிருக்கிறார். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எதை நம்பி நின்றது? பால்மரம் வெட்டியவர் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார். வந்த லாபத்தில் ஈவு வாங்கினார்.

வங்கியை மதம் பார்த்துத் தள்ளிவைக்கும் நம் ஆட்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சட்டவிரோத வட்டிக்காரரான ஆலோங்தான். மதத்தைக் காட்டிப் பயமுறுத்தியவர் அந்த வட்டிக்குப் பதில் சொல்ல வரப்போவதில்லை. ஆகவே யோங் பெங்கில் வீடு வாங்கப் போகிறவர்களே, ஒரே வங்கியில் இரண்டு பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். உச்சவரம்பு எவ்வளவு, தாமதக் கட்டணம் அசலில் ஏறுமா, முன்கூட்டியே முடித்தால் தள்ளுபடி எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். வழக்கமான கடன் மலிவாக இருந்தால் அதையே எடுங்கள்.