கலோரி நிறைந்தால் தட்டு நிறைந்துவிடுமா?

மாலையில் வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் போய்ப் பாருங்கள். கடற்காற்றில் வேகமாக நடப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்றைக்கு இத்தனை கலோரி கரைந்தது" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த வீடுகள் பலவற்றில் சமைப்பவள் நமது தோட்டத்துப் பெண். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில் விடியுமுன் மா பிசைபவனும் நமது லயத்துப் பையன்தான். அவர்கள் அனுப்பும் காசில்தான் பல காம்பராக்களில் அடுப்பு எரிகிறது.

கொழும்பில் ஒரு சாராருக்குக் கலோரி கூடிப்போன பிரச்சினை. நம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதே கொழும்பு சொல்கிறது: "தோட்ட மக்கள் பசியோடு இல்லை. அவர்களுக்குச் சாப்பிடத்தான் தெரியவில்லை. ரொட்டியை விட்டுக் கீரை, முட்டை, மீன் சாப்பிடட்டும்."

இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கலோரி என்பது ஒரு சத்தின் பெயரல்ல. அது சக்தியை அளக்கும் அளவு. ஒரு லீற்றர் தண்ணீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்தும் சக்தியே சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி. அடுப்புக்கு விறகு எப்படியோ, உடம்புக்குக் கலோரி அப்படி. ஆனால் விறகு மட்டும் இருந்தால் வீடு கட்டிவிட முடியாது. 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. 100 கிராம் பருப்பிலும் அதே அளவுதான். ஆனால் மாவில் புரதம் 10 கிராம் அளவு, பருப்பில் 24 கிராம் அளவு. சீனியில் 400 கலோரி வரை உண்டு; வேறு எதுவும் இல்லை.

அரசாங்கத்தின் வறுமைக் கோட்டைப் பாருங்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2002ஐ அடிப்படையாக வைத்து அந்தக் கோட்டைப் போட்டபோது, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,030 கலோரி என்று வைத்தது. மாவை மட்டும் தின்னுங்கள் என்று திணைக்களம் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் குறி வைத்தது கலோரிக்கே. 580 கிராம் மாவு இருந்தால் அந்தக் குறியை எட்டிவிடலாம். இரத்தத்துக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கல்சியம், கண்ணுக்கு விற்றமின் ஏ எங்கிருந்து வரும்? அதுவும் 2,030 என்பது குழந்தை, கிழவர் எல்லாரையும் சேர்த்த சராசரி. கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கும் கொழுந்துக்காரிக்கு அது எப்படிப் போதும்?

விளைவு கண்முன் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர் அளவு. வயிறு நிறைந்தும் பிள்ளை வளரவில்லை.

ரொட்டி நமது அறியாமையால் வந்ததல்ல. ஒரு காலத்தில் தோட்டமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் வெட்டிக்கொண்டது. 1973–74இல் உணவுப் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களில் நமது ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். சம்பளத்துக்கு எது கட்டுப்படியாகிறதோ அதுதான் தட்டில் விழுகிறது. மலிவான கலோரி என்றால் மாவும் சீனியும் எண்ணெயும்தான். அதனால்தான் ஒரே காம்பராவில் மகளுக்கு இரத்தசோகையும் தகப்பனுக்குச் சீனி வருத்தமும் சேர்ந்திருக்கின்றன.

2015இல் நாட்சம்பளம் 1,000 ரூபா கேட்டுப் போராடத் தொடங்கினோம். 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருடமே மாவு, அரிசி விலைகள் ஏறி அதை விழுங்கிவிட்டன. முட்டை சாப்பிடச் சொல்லும் கனவான்கள் முதலில் முட்டை வாங்கச் சம்பளம் தரட்டும்!

நம் பக்கத்திலும் திருத்த வேண்டியது உண்டு, தோழர்களே. காலையில் முதல் ஆளாகப் பெரட்டுக்கு ஓடுகிறவள் இரவில் கடைசி ஆளாகச் சாப்பிடுவது ஏன்? மிச்சம் அவளுக்கு என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இதற்குக் காசு தேவையில்லை. மற்றதற்கெல்லாம் காசு தேவை.

ஆகவே நமது கோரிக்கை இதுதான். கொழும்பில் சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் கலோரிக் கணக்கை வைக்காதீர்கள். பருப்பு, முட்டை, கருவாடு, கீரை, பால் அடங்கிய ஒரு குடும்பத்தின் முழுத் தட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். பிள்ளைக்காம்பராவில் நல்ல சாப்பாடு கொடுங்கள். லயத்தோரம் தோட்டம் போடக் காணி ஒதுக்குங்கள்.

அந்த மேசைக்கு நாம் வெறுங்கையோடு போகக்கூடாது. இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாரம் வாங்கிய சாமான்களின் கடைச் சிட்டையைப் பத்திரப்படுத்தித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வாங்க நினைத்து வாங்காமல் வந்த சாமானையும் அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள். நமது சம்பளக் கோரிக்கைக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.