கடலுக்கடியில் கிடப்பது புதையல் அல்ல

சென்ற மாதம் ஒரு நண்பரோடு காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரிக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் நின்றபடி ஊர்ப் பெயரின் கதையைச் சொன்னேன். திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். தொண்டைமான் இளந்திரையன் சோழனுக்கும் நாக இளவரசிக்கும் பிறந்தவனாம். குழந்தையை ஏற்றி வந்த கப்பல் உடைந்தது. கடலின் திரை கரை சேர்த்ததால் திரையன் என்பது கதை.

நண்பர் அண்மையில்தான் ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்தவர். பூம்புகார் கடலடியில் நிஜமாகவே ஒரு கப்பல் கிடக்கிறது என்றதும் கேட்டார்: "அதுலேர்ந்து ஞாபகார்த்தமா ஒண்ணு எடுத்துட்டு வந்தா என்ன தப்பு?"

நீங்களும் இதையே கேட்கக்கூடும். தப்புதான். ஏன் என்று சொல்கிறேன்.

கோவாவில் இருக்கும் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பூம்புகார் கடலில் ஆய்வு செய்தது. சுமார் 19 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலின் எச்சங்கள் கிடைத்தன. கூடவே ஈயக்கட்டிகள். அவற்றில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற வருஷங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் குடும்பம் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் நடத்தியது. அங்கே தோண்டிய ஈயம் நம்மூர்க் கடலில் கிடக்கிறது.

சுவீடனின் வாசா கப்பல் 1628-ல் மூழ்கியது. 1961-ல் கிட்டத்தட்ட முழுசாக மேலே எடுத்தார்கள். குளிர்ந்த, உப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு பிழைக்காது. நம் கடலோ வெதுவெதுப்பானது, உப்பும் அதிகம். மரம் போய்விடும். பெரும்பாலும் சரக்குதான் மிஞ்சும். சரக்கையும் நீங்கள் எடுத்துவிட்டால், கப்பலே இல்லை!

நான் காமர்ஸ் படித்தவன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். எந்தக் கட்டி எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் கணக்கு. ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் ஈயம். கிலோவுக்கு இவ்வளவு என்ற பழைய இரும்புக்கடை விலைதான்.

"விட்டுட்டா கடலே அழிச்சிடாதா?" என்றார் நண்பர். இருநூறு வருஷமாக அழிக்கவில்லையே! எடுத்தே ஆகவேண்டும் என்றால் அளந்து, படம் எடுத்து, எடுக்கத் தெரிந்தவர்கள் எடுக்கட்டும். நூறு வருஷத்துக்கு மேல் நீரில் கிடப்பதை முதலில் இருந்த இடத்திலேயே காக்கப் பார், விற்காதே என்கிறது யுனெஸ்கோவின் 2001 ஒப்பந்தம்.

அதற்காகக் கடலைப் பூட்டச் சொல்லவில்லை. இலங்கையில் கொடவாய கடலில் சுமார் 2,000 வருஷப் பழைய கப்பலை 2003-ல் கண்டுபிடித்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, உள்ளூர் மூழ்காளர்கள். நம் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களுக்குத் தெரியாத கடலடியா? கண்டதைச் சொன்னால் விசாரணை, அலைச்சல், போலீஸ் என்று இருந்தால் யார் சொல்வார்கள்? சொல்பவருக்கு ரசீது, சன்மானம், ஆய்வறிக்கையில் அவர் பெயர். இந்த மூன்றையும் அரசு உறுதி செய்யட்டும். தகவல் தானாக வரும்.

தென்னேரிக் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நண்பரிடம் கேட்டேன்: "இதுலேர்ந்து ஒரு எழுத்தை மட்டும் ஞாபகார்த்தமா பேர்த்துக்கலாமா?"

பதறிப்போய், "சேச்சே!" என்றார்.

கடலுக்கடியில் இருப்பதற்கும் அதே "சேச்சே!"தான் சார்.