சுழியோடிகளின் மூட்டுவலி: பனடோலால் மறைக்கக்கூடாத எச்சரிக்கை

கடலட்டைக்கும் சங்குக்குமாக வடக்குக் கடலில் சுழியோடுபவர்களிடம் மூட்டுவலி புதினமான ஒன்றல்ல. தொழிலோடு வரும் உளைவு என்று எண்ணி, எண்ணெய் பூசி, பனடோல் போட்டுவிட்டு மறுநாளும் கடலில் இறங்குகிறார்கள். போரில் காயப்பட்டவர் என்றால், பழைய காயம்தான் குத்துகிறது என்று வீட்டாரும் நினைத்துவிடுகிறார்கள். இந்த எண்ணம் ஒருவரை வாழ்நாள் முழுவதும் முடக்கிவிடக்கூடும்.

சுழியோடிகள் 'ஒட்சிசன் சிலிண்டர்' என்று சொன்னாலும், அதில் வழமையாக இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரண காற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல அது குமிழிகளாகிறது. நீண்ட நேரம் கீழே நிற்பதும், ஒரே நாளில் பல சிலிண்டர்களுடன் திரும்பத் திரும்ப இறங்குவதும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றின் உள்ளே ஆழமாக நோகும். பெரும்பாலும் வீக்கமோ சிவப்போ இருக்காது. அநேகமாக முதல் 6 மணித்தியாலங்களுக்குள்ளும், ஏறத்தாழ எல்லோருக்கும் 24 மணித்தியாலங்களுக்குள்ளும் அறிகுறி தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் புதிதாக வந்த மூட்டுவலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, அழுத்தநீக்க நோயாகவே கருதவேண்டும். விறைப்பு, கால் பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை, தலைசுற்று, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்து, கிடைக்குமானால் மருத்துவ ஒட்சிசன் கொடுக்கவேண்டும். ஒட்சிசனால் வலி தணிந்தாலும் வைத்தியரைக் காண வேண்டும். வலி போக்க மீண்டும் கடலில் இறக்குவது உயிராபத்தானது. இரண்டு மூன்று நாட்கள் கடந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போவதில் பயன் உண்டு.

இந்நோய்க்குரிய சிகிச்சை உயரழுத்த அறையில் ஒட்சிசன் கொடுப்பது. நம் பகுதிச் சுழியோடிகளுக்கு இந்தச் சிகிச்சை என்றதும் நினைவுக்கு வருவது திருகோணமலையில் கடற்படையிடமுள்ள அறை. சிக்கல் இங்கேதான். இரவில் கடலட்டை பிடித்தார்கள், அனுமதி இல்லை என்று சுழியோடிகளைக் கைது செய்வதும் அதே கடற்படைதான். போர்க்கால நினைவுகளோடு வாழும் ஒருவர், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை அங்கே சொல்லத் தயங்குவது இயல்பு. வலியை மறைப்பது பயத்தினாலும்தான். அந்தப் பயத்தைப் போக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

பிந்தி வரும் கேடும் உண்டு. பல ஆண்டுகள் சுழியோடியவர்களுக்குத் தோள், இடுப்பு எலும்புகளின் தலைப்பகுதி குருதியோட்டம் குறைந்து இறந்துபோகலாம். தொடக்கத்தில் வலியே இருக்காது. மூட்டு உருக்குலைந்த பின்னரே தெரியவரும். வாரக்கணக்கில் நீடிக்கும் தோள்வலிக்கோ இடுப்புவலிக்கோ எக்ஸ்றே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை வேண்டும். வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டியது, "நான் சுழியோடி" என்பதுதான்.

சுகாதாரத் துறை இச்சிகிச்சை சுழியோடிகளுக்கு எளிதில் கிடைக்க வழி செய்யவேண்டும். சிகிச்சைக்கு வருபவரிடம் அனுமதிப்பத்திரம் கேட்கப்படாது என்று உறுதியளிக்கவேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் இறங்குதுறைகளில் மருத்துவ ஒட்சிசன் வைத்திருப்பதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கடலட்டை வெளிநாட்டுச் சந்தைக்குப் போய்விடும். முடங்கிய காலோடு வீட்டில் இருக்கப்போவது நம் பிள்ளைகள்.